'பொறம்போக்கு': திட்டுச் சொல்லா, நிலத்தின் பெயரா?

கேள்வி: எங்கள் வீடு திண்டிவனம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறது. என் மாமனார் காலத்தில் கட்டியது. மகனுக்குப் பெண் பார்த்த இடத்தில் வீட்டுக் காகிதங்களைக் கேட்டார்கள். பழைய கிராமக் கணக்கு நகலில் 'நத்தம் புறம்போக்கு' என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்த பெண்ணின் பெரியப்பா, "பொறம்போக்கிலா குடியிருக்கிறீர்கள்?" என்று கேட்டுச் சிரித்தார். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். பேச்சு முற்றி, என் மகனையே அந்தச் சொல்லால் அழைத்துவிட்டார். அவனுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. போலீசில் புகார் கொடுக்க வேண்டும் என்கிறான். என் நாத்தனார் கணவரோ, ஊரைவிட்டு விலக்கி வைத்தவர்களுக்குத்தான் முதலில் இந்தப் பெயர் இருந்தது, அவர்கள் குடியிருந்ததால் நிலத்துக்கும் அந்தப் பெயர் வந்தது என்கிறார். இந்தச் சொல்லுக்கு உண்மையில் என்ன பொருள்? வீடு எங்களுடையதுதானா? புகார் கொடுக்கலாமா?
— ஒரு வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: அன்புள்ள அம்மா, பயப்படாதீர்கள். நத்தத்தில் குடியிருப்பது ஒரு குறையே இல்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களின் பழைய குடியிருப்புப் பகுதியில் வீடு வைத்திருக்கும் கணக்கற்ற குடும்பங்களின் நிலைதான் உங்களுடையதும். அந்தப் பெரியப்பாவின் பூர்வீக வீடும் நத்தத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டைப் பற்றிக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன். முதலில் சொல்லை எடுத்துக்கொள்வோம். நிலத் தகராறு வழக்குகளையே பிழைப்பாகக் கொண்ட எனக்கு அன்றாடம் பழகும் சொல் அது.

உங்கள் நாத்தனார் கணவர் சொல்வதைத் தலைகீழாகத் திருப்பினால் சரியாக இருக்கும். நிலம்தான் முந்தியது, மனிதர் பிந்தியவர். ஹெச்.ஹெச். வில்சன் 1855இல் லண்டனில் வெளியிட்ட வருவாய், நீதித்துறைச் சொல் அகராதியில் இது நிலத்தைக் குறிக்கும் சொல்லாகவே இடம்பெற்றிருக்கிறது. இது கணக்கப்பிள்ளை உருவாக்கிய சொல். கிராமத்தின் மொத்தப் பரப்பை எழுதுவார்கள். அதிலிருந்து வரி விதிக்க முடியாத இடங்களைக் கழிப்பார்கள். மீதிக்குத் தீர்வை, அதாவது நிலவரி, போடுவார்கள். அப்படிக் கழித்து வெளியே தள்ளியது புறம் போனது, புறம்போக்கு. மண் நல்லதா கெட்டதா, அங்கே யார் இருக்கிறார்கள் என்பதைப் பற்றியெல்லாம் இந்தப் பெயர் ஒன்றும் சொல்வதில்லை. கணக்கில் நடந்த கழித்தலை மட்டும் சொல்கிறது.

இந்தக் கழித்தலை வெள்ளைக்காரன் கொண்டுவந்ததாக நினைத்துவிடாதீர்கள். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் ஊர்களைக் கொடுத்த கல்வெட்டுகளைப் பாருங்கள். ஒவ்வொரு ஊரின் மொத்த நிலத்தையும் சொல்லிவிட்டு, ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊரை ஊடறுத்துப் போன வாய்க்கால்கள், பறைச்சேரி, கம்மாணசேரி (கம்மாளர் குடியிருப்பு), சுடுகாடு ஆகியவற்றை 'இறையிலி நீங்கு நிலம்' என்று கழித்த பிறகுதான் வரிக்குரிய நிலத்தைக் கணக்கிடுகிறார்கள். 'நீங்கு' என்றாலும் 'போக்கு' என்றாலும் கணக்கில் ஒரே வேலைதான். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்தப் பட்டியலில் முதலில் வருவது ஊர்நத்தம், அதாவது நீங்கள் குடியிருக்கும் வகை இடம், என்பதைக் கவனியுங்கள்.

பிரிட்டிஷ் காலத்தில் சென்னை மாகாணத்தில் விவசாயியிடமே அரசு நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை வந்து, நிலத்தை அளந்து புல எண் போட்டபோது இந்தப் பாகுபாடு பதிவேடுகளில் இறுகியது. நன்செய், புன்செய், தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு, புறம்போக்கு என்று வகை பிரித்தார்கள். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. வழக்கறிஞர்களே அடிக்கடி கோட்டைவிடும் இடம் இது. எதற்கும் உதவாத பாறைக்கும் கரட்டுக்கும் பதிவேட்டில் வேறு பெயர் இருக்கிறது: தீர்வை ஏற்படாத தரிசு. புறம்போக்கு என்பது ஏதாவது ஒரு பொதுப் பயனுக்கு ஒதுக்கிய நிலம். அதனால்தான் அது தனியாக நிற்பதே இல்லை, முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்துக்கொண்டே வரும். ஏரிப் புறம்போக்கு, ஓடைப் புறம்போக்கு, மேய்ச்சல் புறம்போக்கு, மந்தைவெளிப் புறம்போக்கு, களத்துப் புறம்போக்கு, வண்டிப்பாதைப் புறம்போக்கு, சுடுகாட்டுப் புறம்போக்கு, நத்தம் புறம்போக்கு. தண்ணீர் தேங்க, மாடு மேய, நெல் அடிக்க, வண்டி போக, பிணம் எரிக்க, மனிதர் குடியிருக்க என்று ஊர் உயிரோடு இருப்பதற்கு வேண்டிய அத்தனையும் அந்த ஒரு தலைப்பின் கீழ் வந்துவிடுகிறது. அந்த இடத்தில் நிற்கும் புளியமரத்துக்குக்கூட ஒரு கணக்கு உண்டு. புறம்போக்கில் உள்ள மரத்தின் பலனை அனுபவிக்கக் கொடுக்கும் உரிமைக்கு '2சி பட்டா' என்று பெயர்.

அப்படியானால் இது எப்படித் திட்டாக மாறியது? நிலத்துக்கு வரி இல்லை, ஆகவே தனி உரிமையாளர் பெயரும் இல்லை. பெயர் இல்லாத இடத்தில் யார் வேண்டுமானாலும் நுழையலாம், கழுதை கட்டலாம், குப்பை கொட்டலாம் என்ற எண்ணம் ஊரில் பரவிவிடுகிறது. கேட்க ஆளில்லாத நிலம் என்பதிலிருந்து கேட்க ஆளில்லாத மனிதன் என்பதற்கு ஒரே தாவல்தான். வீட்டுக்கு அடங்காமல், வேலைக்குப் போகாமல், தெருவில் திரிகிற பையனைத் தகப்பன் அப்படித் திட்டும்போது, "உன்னை எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியவில்லையே" என்றுதான் அலுத்துக்கொள்கிறார்.

இதில் கசப்பான இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதை மறைக்க எனக்கு மனமில்லை. அந்தக் காலக் கிராமத்தில் ஒருவர் ஆளாக மதிக்கப்பட்டதற்குப் பட்டா ஒரு அளவுகோல். தீர்வை கட்டுகிறவர் ஊர்க்கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்தார். விடுதலைக்கு முன் நடந்த தேர்தல்களில் வாக்குரிமையே நிலவரி, சொத்து, படிப்பு போன்ற தகுதிகளைப் பார்த்துத்தான் கிடைத்தது. நிலமில்லாத கூலிக்குடும்பங்கள் ஏரிக்கரையிலும் ஓடையோரத்திலும் குடிசை போட்டார்கள். ராஜராஜன் பட்டியலில் சேரிகளும் இருப்பதை மேலே பார்த்தீர்கள். ஆகவே பட்டாதாரர் வாயிலிருந்து இந்தச் சொல் வந்தபோது அதில் ஏளனத்தோடு சாதியும் வர்க்கமும் கலந்தே வந்தன. இன்று இதைச் சொல்கிறவருக்கு அந்த நினைப்பு இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் உங்கள் மகனுக்கு நடந்ததைப் போல, நிலத்தைக் காட்டி மனிதரைத் திட்டும்போது பழைய அர்த்தம் முழுதாக எழுந்து நிற்கிறது.

சொல்லின் ஓசையும் திட்டுக்கு உதவியிருக்கிறது என்பது என் கருத்து. 'போக்கிரி', 'போக்கற்றவன்' என்ற சொற்கள் காதில் ஏற்கெனவே இருக்கின்றன. பக்கத்தில் இவை நிற்கும்போது 'புறம்போக்கு' தானாகவே வசவுபோல ஒலிக்கிறது. எழுத்தில் 'புறம்' என்பதைப் பேச்சில் 'பொறம்' என்கிறோம். குடம் கொடமாகவும், முகம் மொகமாகவும், புகை பொகையாகவும் மாறுவது போன்ற மாற்றம்தான் இது. வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலச் சட்டங்களிலும் அரசாணைகளிலும் 'பொரம்போக்' என்று பேச்சு வடிவமே ஏறிவிட்டது. எழுத்தர் காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார், அது நிலைத்துவிட்டது. ஆக, உங்கள் மகனை அவர் திட்டியபோது வந்த அதே உச்சரிப்புதான் உயர் நீதிமன்றத் தீர்ப்புகளிலும் இருக்கிறது.

அண்டை மொழிகளைப் பார்த்தால் படம் இன்னும் தெளிவாகும். தெலுங்கிலும் 'போரம்போக்கு' என்றால் நிலமும் உண்டு, உருப்படாமல் ஊர்சுற்றுகிற ஆளும் உண்டு. ஒரே மாகாணத்தில், ஒரே வகைப் பதிவேட்டின் கீழ் வாழ்ந்த இரண்டு மொழிக்காரர்களும் ஒரே சொல்லை ஒரே திசையில் இழுத்திருக்கிறார்கள். மலையாளத்தில் 'புறம்போக்கு' இன்றும் சட்டச் சொல். கேரளத்தின் 1957 நிலப் பாதுகாப்புச் சட்டத்தில் அது இருக்கிறது.

ஆபீஸ் மேசையிலிருந்து தெருவுக்கு இறங்கிய சொல் இது ஒன்றுதானா என்று கேட்டால், இல்லை. 'கேடி' என்பதைக் கேடு என்ற சொல்லோடு சேர்த்துப் பொருள் சொல்வோர் உண்டு. ஆனால் போலீஸ் பதிவேட்டில் பழைய குற்றவாளிகளைக் குறித்த 'நோன் டெப்ரிடேட்டர்' (Known Depredator) என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் அவை. இன்று சாமர்த்தியமான பேரனைத் தாத்தா கொஞ்சும்போதும் "கேடிப் பயல்" என்கிறார். 'அனாமத்து' என்பது அமானத், அதாவது நம்பிக்கையின் பேரில் ஒப்படைத்த பொருள் என்ற சொல்லிலிருந்து வந்து, கணக்கில் இன்ன தலைப்பு என்று சேராத தொகையைக் குறித்து, கடைசியில் கேட்பாரற்றுக் கிடப்பது என்று ஆகிவிட்டது. வழக்கமானது என்று மட்டும் பொருள் தந்த 'மாமூல்' என்னவாயிற்று என்பது நமக்குத் தெரியும். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவு 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 318 ஆகிவிட்டது; ஆனால் ஏமாற்றுக்காரரை யாரும் 318 என்று திட்டுவதை நான் இன்னும் கேட்கவில்லை.

சொல்லுகிற ஆளையும் இடத்தையும் பார்த்துத்தான் இதற்குப் பொருள் கொள்ள வேண்டும். நெருங்கிய நண்பர்களுக்குள் இது செல்லப் பேச்சு. அதில் கோபப்படுகிறவன்தான் கேலிக்கு ஆளாவான். தந்தை சொன்னால் கவலை கலந்த கண்டிப்பு. "இது என்ன புறம்போக்குச் சொத்தா?" என்று ஒருவர் கேட்டால், கேட்க உரிமையாளர் இருக்கிறார் என்று எச்சரிக்கிறார். ஒரு பெண்ணைப் பார்த்து இதைச் சொல்லும்போது மட்டும் பொருள் மிகவும் கீழ்த்தரமாகிவிடுகிறது. யாரும் நுழையக்கூடிய நிலம் என்ற உருவகம் அங்கே உடலின் மீது விழுகிறது. சொல்கிற ஆண்களில் பலர் இதை யோசிப்பதே இல்லை. அந்தப் பயன்பாட்டை மட்டும் சாதாரண வசவு என்று விட்டுவிடக் கூடாது என்பது என் எண்ணம்.

அண்மைக் காலத்தில் சொல் எதிர்த்திசையிலும் நடக்கத் தொடங்கியிருக்கிறது. எஸ்.பி. ஜனநாதன் 2015இல் எடுத்த படத்தின் தலைப்பே புறம்போக்கையும் பொதுவுடமையையும் ஒன்றாக்கியது. எண்ணூர்க் கழிமுகத்தின் அழிவைப் பற்றி 2017இல் டி.எம். கிருஷ்ணா பாடிய பாட்டும் இந்தச் சொல்லைத் தலைப்பிலேயே ஏந்தி நின்றது. இருவருக்கும் முன்பே உச்ச நீதிமன்றம் ஒரு காரியம் செய்திருக்கிறது. 2011 ஜனவரியில், பஞ்சாபில் ஒரு கிராமக் குளத்தை ஆக்கிரமித்த வழக்கில் தீர்ப்புச் சொல்லும்போது, இந்தியக் கிராமங்களின் பொது நிலங்களைப் பெயர் சொல்லி அடுக்கியது. அந்தப் பட்டியலில் தென்னிந்தியாவுக்காக வந்த பெயர்கள் மந்தைவெளியும் புறம்போக்கும். அவை ஊருக்குப் பொதுவானவை, ஆக்கிரமித்தவர்களை அகற்ற மாநில அரசுகள் திட்டம் வகுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. திட்டுச் சொல்லாகப் பழகிய காதுக்கு அந்தப் பத்தி புதிதாக இருக்கும். சென்னையில் பள்ளிக்கரணைக் கழுவெளி பல காலம் வெற்றிடமாகவே நடத்தப்பட்டு, ஒரு பகுதி பெருங்குடிக் குப்பைமேடாகி, சாலையும் கட்டடமும் ஏறிய பிறகு 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 'யாருடையதும் இல்லை' என்று நினைத்து நடத்தியதற்கு மழைக்காலத்தில் வேளச்சேரிக்காரர்கள் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இனிப் புகார். உங்கள் மகனின் கோபம் நியாயமானது, ஆனால் வழக்கு நிற்காது. பொது இடத்தில் ஆபாசச் சொல் பேசுவது பழைய சட்டத்தில் 294(பி), இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 296. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2022இல் உச்ச நீதிமன்றம், வெறும் வசவும் அவமதிப்பும் இந்தப் பிரிவுக்குப் போதாது, சொல் சட்டத்தின் பொருளில் ஆபாசமாக இருக்க வேண்டும் என்று தெளிவாக்கிவிட்டது. 'பொறம்போக்கு' அந்த அளவுகோலுக்கு எட்டாது. வேண்டுமென்றே அவமதித்து அமைதியைக் குலைக்கத் தூண்டுவது அதே புதிய சட்டத்தில் 352ஆம் பிரிவு. அதற்கும் சொன்னவரின் நோக்கத்தையும் சூழலையும் நிரூபிக்க வேண்டும். பெண் பேசப் போன இடத்துக் காரசாரப் பேச்சை வைத்துக்கொண்டு அதைச் செய்வது கடினம். பேச்சில் சாதியின் பெயரும் வந்திருந்தால் கதை வேறு. அப்படி நடந்திருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். மற்றபடி ஸ்டேஷன் வாசலில் போய் நிற்பதால் உங்கள் மகனுக்கு அலைச்சல்தான் மிஞ்சும். அந்தச் சம்பந்தம் வேண்டுமா என்பதை நீங்கள் வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். அதில் வக்கீலுக்கு வேலை இல்லை.

வீட்டைப் பற்றி. தமிழ்நாடு நில ஆக்கிரமிப்புச் சட்டம் 1905ஆம் ஆண்டுச் சட்டம். பொதுச் சாலை, ஆறு, ஓடை, ஏரி உள்ளிட்டவை அரசுக்குச் சொந்தம் என்று அது சொன்னாலும், வீட்டுமனையாகவும் புழக்கடையாகவும் உரிமை பெற்ற இடங்களுக்கு அதே பிரிவில் விலக்கு இருக்கிறது. கிராம நத்தம் என்பது ஊர்க்காரர்கள் வீடு கட்டிக்கொள்வதற்கான இடம், குடியிருப்பவர் இருக்கும் வரை அது அரசின் சொத்தாகிவிடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. ஏரிப் புறம்போக்கில் வீடு கட்டியவரின் நிலை இதற்கு நேர்மாறானது. நீர்நிலை என்றால் 'ஆட்சேபணையுள்ள புறம்போக்கு'. எத்தனை வருடம் குடியிருந்தாலும், எத்தனை 'பி மெமோ' (ஆக்கிரமிப்புக்கு வரும் அபராத நோட்டீஸ்) ரசீதுகளைப் பத்திரப்படுத்தியிருந்தாலும் பட்டா கேட்பது வீண். அந்த நோட்டீசுக்குக் கட்டிய அபராத ரசீதையே உரிமைப் பத்திரம் என்று நம்பி என்னிடம் வருகிறவர்களைப் பார்க்கும்போது பாவமாக இருக்கும்.

ஆகவே நீங்கள் உறுதி செய்ய வேண்டியது ஒன்றே: உங்கள் மனை நத்தமா, நத்தத்துக்குள் அரசுக்கென்று ஒதுக்கிய இடமா. உங்களிடம் இருப்பது பழைய கணக்கின் நகல். அதற்குப் பிறகு கிராமங்களில் நத்தம் நிலவரித் திட்டம் நடந்து, ஒவ்வொரு மனைக்கும் தனி எண் கொடுத்திருக்கிறார்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் நத்தம் அடங்கலை, அதாவது மனைகளின் பதிவேட்டை, கேட்டு உங்கள் எண்ணைப் பாருங்கள். 'ரயத்துவாரி மனை' என்று இருந்தால் கவலை இல்லை. 'சர்க்கார் புறம்போக்கு' என்று இருந்தால் உடனே வட்டாட்சியரிடம் மனுக் கொடுக்க வேண்டும். வீட்டுவரி ரசீது, மின் இணைப்பின் பழைய அட்டை, உங்கள் மாமனார் பெயரில் உள்ள ரேஷன் அட்டை நகல் என்று குடியிருப்பைக் காட்டும் எதையும் விடாமல் இணையுங்கள்.

நத்தம் பட்டா மாமனார் பெயரிலேயே நின்றுபோயிருந்தால், வாரிசுச் சான்றிதழை வாங்கிப் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். நாத்தனாருக்கும் அதில் பங்கு உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள். அவரைக் கலந்துகொண்டு, தேவையானால் அவர் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிவு செய்துகொண்ட பிறகு மனுவைக் கொடுங்கள். மனு கொடுத்த தேதியிட்ட ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.